டயாலிசிஸில் இருப்பவருக்கு முழங்கால் மாற்று அறுவை செய்யலாமா?

மார்ச் 4, மாலை: கேள்வி

அம்மாவுக்கு 61 வயது. ஒன்பது வருடமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, வலது கால் ரொம்ப மோசம். டயாலிசிஸ் முடிந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு எலும்பு மருத்துவர் "டயாலிசிஸ் நோயாளிக்கு இந்த அறுவையே கூடாது" என்று அனுப்பிவிட்டார். இன்னொருவர் "பயப்பட ஒன்றும் இல்லை, அடுத்த வாரமே செய்துவிடலாம்" என்கிறார். யாரை நம்புவது? செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு

நான் செய்துகொண்டேன், தம்பி. டயாலிசிஸ் தொடங்கிப் பதினாறு வருடம் ஆகிறது, பதிமூன்றாவது வருடத்தில் வலது முழங்காலை மாற்றினார்கள். இன்று மாடிப்படி ஏறுகிறேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான், ஆனாலும் ஏறுகிறேன். அதனால் "கூடவே கூடாது" என்றவர் சொன்னதை நான் ஏற்க மாட்டேன். "அடுத்த வாரமே" என்றவர் சொன்னதை அதைவிடவும் ஏற்க மாட்டேன். என்னைத் தயார்செய்யவே ஐந்து மாதம் ஆனது.

ஆபத்து உண்மை. மற்றவர்களைவிட நமக்குத் தொற்று வருவது அதிகம், ரத்தக் கசிவு அதிகம், இதயம் தொந்தரவு கொடுப்பது அதிகம், உயிருக்கே ஆபத்தாவதும் அதிகம். இதைச் சொல்லாமல் தேதி குறிக்கிற மருத்துவரிடம் அம்மாவை ஒப்படைக்காதீர்கள். அதே சமயம் நடக்காமலே கிடந்தால் தசை கரைகிறது, ஒரு நாள் தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறிகிறது. அப்போது நம் இஷ்டத்துக்கு நாள் பார்க்க முடியாது, அவசரமாகச் செய்ய வேண்டிவரும்.

இப்போதைக்கு ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த இரண்டு பேரில் யாராவது அம்மாவின் சிறுநீரக மருத்துவரிடம் ஒரு முறையாவது பேசினார்களா?

மார்ச் 5, காலை

நேற்று முக்கியமானதை எழுதாமலே தூங்கப் போய்விட்டேன். என் கால் நன்றாக வந்தது, கை போய்விட்டது. அதைச் சொல்லத்தான் இங்கே எழுதவே ஆரம்பித்தேன்.

இடது முன்கையில் பதிமூன்று வருடமாக ஒரே ஃபிஸ்துலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து வைப்பது), ஒரு நாள் தகராறு செய்ததில்லை. அறுவை முடிந்த முதல் இரவு, முதுகில் போட்ட மயக்க ஊசியும் வலி மருந்தும் சேர்ந்து நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். ரத்த அழுத்தம் 85, 90 என்றே நின்றது. டயாலிசிஸ் நோயாளி என்பதால் ட்ரிப்ஸ் ஏற்றவும் யோசித்தார்கள், அது நியாயமான யோசனைதான். இரவுப் பணிக்கு வந்த நர்ஸ் எலும்புப் பிரிவைச் சேர்ந்தவர். என் இடது கையைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. அழுத்தம் பார்க்கும் பட்டையை அந்தக் கையிலேயே கட்டி, அரை மணிக்கு ஒருமுறை தானாக இறுகும்படி வைத்துவிட்டுப் போனார். எனக்கு ஏதோ இறுக்குகிறது என்று தெரிந்தது, எந்தக் கை என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

காலையில் என் கணவர் வந்து வழக்கம்போல் கையைத் தொட்டார். அவர் முகம் மாறியதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஃபிஸ்துலாவில் ரத்தம் ஓடும் அதிர்வு இல்லை. காதை வைத்துக் கேட்டார், சத்தமும் இல்லை. உள்ளே ரத்தம் உறைந்துவிட்டது. குழாய் விட்டு உறைவை எடுக்கப் பார்த்தார்கள், வரவில்லை. மறுநாள் டயாலிசிஸுக்குக் கழுத்து ரத்தக்குழாயில் கதீட்டர் என்ற குழாய் போட்டார்கள். மேல்கையில் புது ஃபிஸ்துலா செய்து, அது முதிர்ந்து ஊசி ஏற்கும் வரை ஐந்து மாதம் அந்தக் கதீட்டரோடு வாழ்ந்தேன். கதீட்டர் வழியாகக் கிருமி ரத்தத்துக்குள் போகும், போனால் புதிதாக வைத்த உலோக மூட்டில் போய் ஒட்டும். அந்த ஐந்து மாதமும் லேசாக உடம்பு சூடானாலே நடுங்குவேன்.

இந்த அறுவையில் காலைப் பார்த்துக்கொள்ளப் பத்துப் பேர் இருப்பார்கள். கையைப் பார்த்துக்கொள்ள நீங்கள்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 5, மதியம்

அப்படியானால் என்ன செய்திருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஃபிஸ்துலா கையில் ஒரு துணிப்பட்டை கட்டி, "இந்தக் கையில் ஊசி, அழுத்தப் பட்டை, ரத்தம் எடுப்பது எதுவும் வேண்டாம்" என்று தடித்த பேனாவால் எழுதியிருக்க வேண்டும். மயக்க மருந்து மருத்துவரிடமும் முந்தின நாளே சொல்ல வேண்டும், ஏனென்றால் அறுவை மேசையில் கையை மடக்கியோ உடம்புக்கு அடியில் அழுந்தும்படியோ வைத்தாலும் இதே கதைதான். முதல் இரவு உடன் தங்குபவர் ஒரு மணிக்கு ஒருமுறை கையைத் தொட்டு அதிர்வு பார்க்க வேண்டும். நின்றது தெரிந்த உடனே சொன்னால் உறைவை எடுத்துக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். எங்களுக்கு ஓர் இரவு முழுக்கப் போய்விட்டது.

இன்னொரு கையையும் விட்டுவிடாதீர்கள். நாளை ஃபிஸ்துலா அங்கே செய்ய வேண்டிவரலாம். அதில் ரத்தம் எடுப்பதானால் புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள், முழங்கை மடிப்பில் வேண்டாம்.

மார்ச் 7

ஐந்து மாதம் எதற்கு என்று தம்பி கேட்டது நியாயம்.

முதலில் ஹீமோகுளோபின். எனக்கு 8.6 இருந்தது. இரும்பு ஊசியும், ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபொய்டின் ஊசியும் போட்டு மெல்ல ஏற்றினார்கள், நேரடியாக ரத்தம் ஏற்றவில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அடுத்தவர் ரத்தம் ஏறினால் உடம்பில் எதிர்ப்புப் பொருள்கள் உருவாகிப் பிற்பாடு பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பது கடினமாகலாம். கட்டாயம் என்றால் ஏற்றத்தான் வேண்டும், ஆனால் நாள் இருக்கும்போது வேறு வழியைப் பார்க்கலாம் அல்லவா.

அடுத்தது கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன், பி.டி.எச். எனக்கு ஆயிரத்துக்கு மேல். சிறுநீரகம் போனால் பாஸ்பரஸ் ஏறும், வைட்டமின் டி வேலை செய்யாது, இந்தச் சுரப்பி முறுக்கேறி எலும்பில் இருந்து கால்சியத்தை உருவிக்கொண்டே இருக்கும். எலும்பு மட்டும் இல்லை, தசைநாரும் பலம் இழக்கும். எங்கள் டயாலிசிஸ் கூடத்தில் ஒருவருக்குப் படி இறங்கும்போது தொடைத் தசைநார் முழங்காலுக்கு மேல் அப்படியே அறுந்துவிட்டது, விழக்கூட இல்லை. புது மூட்டு வைத்த பிறகு அந்த நார் அறுந்தால் காலை நீட்டவே முடியாது. அதனால் பி.டி.எச். இறங்கும் வரை காத்திருக்கச் சொன்னார்கள்.

பல் மருத்துவரிடம் போய் இரண்டு சொத்தைப் பற்களை எடுத்தேன். மூக்கில் பஞ்சு விட்டு மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தது, ஐந்து நாள் மூக்கில் களிம்பு. வலிக்காக முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தேன், அதில் இருந்து மூன்று மாதமாவது போக வேண்டும், இல்லையென்றால் தொற்று அதிகம் என்றார்கள். புரதமும் குறைவாகவே சாப்பிட்டு வந்திருக்கிறேன். டயாலிசிஸுக்கு முந்தின காலத்துப் பத்தியத்தைப் பல பேர் அப்படியே தொடர்கிறார்கள். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைவாக இருந்தால் தையல் ஆறாது.

எக்ஸ்ரேயில் முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்குழாய் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அத்தனையும் சுண்ணாம்பு. அதைப் பார்த்துவிட்டு அறுவை மருத்துவர் தொடையில் ரத்த ஓட்டத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டை கட்டாமலே செய்வதாக முடிவெடுத்தார். ரத்தம் கொஞ்சம் கூடப் போனது, பாதத்தில் ஓட்டம் கெடவில்லை.

மார்ச் 8

டயாலிசிஸ் நாளையும் அறுவை நாளையும் எப்படிப் பொருத்தினார்கள் என்று கேட்டவருக்கு. டயாலிசிஸ் முடிந்த மறுநாள். அதற்குள், டயாலிசிஸில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் உடம்பை விட்டுப் போயிருக்கும், பொட்டாசியமும் நீரும் இறங்கியிருக்கும். அன்று காலை மறுபடி பொட்டாசியம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். அறுவையில் நசுங்கும் திசுவில் இருந்தும், ஏற்றுகிற ரத்தத்தில் இருந்தும் பொட்டாசியம் ஏறும். நமக்கு அதை வெளியேற்ற வழி இல்லை.

அறுவைக்கு அடுத்த டயாலிசிஸை ஹெப்பாரின் இல்லாமல் செய்தார்கள். அரை மணிக்கு ஒருமுறை உப்புநீர் விட்டு அலசி, டெக்னீசியன் நாலு மணி நேரமும் பக்கத்திலேயே நின்றார். அறுவை முடிந்து ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசி ஒன்று உண்டு, சிறிய மூலக்கூறு ஹெப்பாரின். அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், நமக்குச் சேர்ந்துகொண்டே போகும். வழக்கமாக எல்லாருக்கும் எழுதுகிற அளவில் எழுதியிருந்தால் ஒரு முறைக்கு இருமுறை கேளுங்கள்.

மார்ச் 11

"கிட்னிதான் போய்விட்டதே, இனி வலி மாத்திரை போட்டால் என்ன கெடப்போகிறது" என்று எழுதியிருப்பவருக்கு. நானும் இதே நினைப்பில் இரண்டு வருடம் விழுங்கினேன். ஒரு நாளைக்கு ஒரு கோப்பை சிறுநீர் போய்க்கொண்டிருந்தது, அதுவும் நின்றுவிட்டது. அந்த ஒரு கோப்பை எவ்வளவு பெரிய விஷயம் என்பது டயாலிசிஸ் நோயாளிக்குத்தான் தெரியும். ஒரு கோப்பை தண்ணீர் கூடுதலாகக் குடிக்கலாம் அல்லவா. அந்த மாத்திரைகள் (பாரசிட்டமால் அல்ல, டைக்ளோஃபெனாக் போன்றவை) வயிற்றில் ரத்தக் கசிவையும் கொண்டுவரும், நம் ரத்தத்தில் தட்டணுக்கள் ஏற்கெனவே சரியாக ஒட்டாது.

அதைவிட ஒரு மோசமான அனுபவம். முழங்கால் வலிக்கு நரம்பு மாத்திரை என்று ப்ரீகாபலின் எழுதிக் கொடுத்தார் ஒரு மருத்துவர், நான் டயாலிசிஸில் இருப்பதைச் சொன்ன பிறகும் முழு அளவில். மூன்றாம் நாள் கைகால் தானாக வெட்டி வெட்டி இழுத்தது, பேச்சு குழறியது, என் மகளைப் பார்த்து யார் என்று கேட்டிருக்கிறேன். பக்கவாதம் என்று நினைத்து ஓடினார்கள். சிறுநீரக மருத்துவர் மாத்திரைச் சீட்டைப் பார்த்த உடனே டயாலிசிஸில் போட்டார். இரண்டு முறை ஓடியதும் தெளிந்தேன். மார்பினும் இப்படித்தான், அதன் கழிவு தேங்கி மூச்சு மந்தமாகும். பெத்திடின் என்றால் வலிப்பே வரலாம். அறுவையின்போது எனக்குத் தொடையில் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியும், பாரசிட்டமாலும், தேவைப்பட்டபோது கொஞ்சம் ஃபென்டனிலும் கொடுத்தார்கள். வலி இருந்தது. தாங்க முடிந்தது.

மார்ச் 12

நம் மூட்டு ஏன் இப்படிக் கெடுகிறது என்ற கேள்விக்கு. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்று ஒரு சிறு புரதம். நல்ல சிறுநீரகம் அதை வடிகட்டித் தள்ளிவிடும். டயாலிசிஸில், அதுவும் பழைய வகை வடிகட்டியில், சரியாக வெளியேறாமல் வருடக்கணக்கில் சேர்ந்து, அமிலாய்டு என்ற கரையாத படிவாக மூட்டிலும் தசைநாரிலும் படியும். டயாலிசிஸ் நோயாளிகளின் மூட்டில் படிவது இந்தப் புரதம்தான் என்று 1985இல்தான் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் போனவர்களுக்கு வரும். மணிக்கட்டில் நரம்பு நசுங்கி விரல் மரத்துப்போகும், தோள் வலிக்கும், அதுவும் டயாலிசிஸில் அசையாமல் படுத்திருக்கும்போது கூடும். எலும்பில் சிறு சிறு குழிகள் விழும். எனக்கு மணிக்கட்டு அறுவை பத்தாவது வருடம், முழங்கால் போனதும் இதனால்தான்.

மார்ச் 12, இரவு

திருத்தம். பழைய கோப்பை எடுத்துப் படித்தேன். முழங்காலில் இருந்து எடுத்த சவ்வைப் பரிசோதித்த அறிக்கையில் அமிலாய்டு லேசாக இருப்பதாகத்தான் எழுதியிருக்கிறது. முக்கியக் காரணம் சாதாரணத் தேய்மானம். மூன்று வருடமாக எல்லாரிடமும் அமிலாய்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இதைத் திருத்துவது ஏன் முக்கியம் என்றால், எல்லா வலியையும் டயாலிசிஸ் கணக்கில் எழுதிவிட்டால் மற்றதைப் பார்க்காமல் விட்டுவிடுவோம். கால்சியம் படிகமும் முழங்காலை வீங்க வைக்கும். கிருமியும் வீங்க வைக்கும். திடீரென்று சூடாக வீங்கினால் மூட்டு நீரை எடுத்துப் பார்க்காமல் யாரும் எதையும் முடிவு செய்யக்கூடாது.

மார்ச் 16

கதீட்டர் காலத்தில் காய்ச்சல் வந்ததா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வந்தது, மூன்றாவது மாதம், டயாலிசிஸ் தொடங்கி அரை மணியில் குளிர் நடுக்கம். ரத்தம் எடுத்துக் கிருமி வளர்ப்புக்கு அனுப்பினார்கள், புது முழங்காலில் ஊசி விட்டு நீரும் எடுத்தார்கள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. கூடியிருந்தது, ஆனால் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அது எப்போதுமே கொஞ்சம் கூடித்தான் இருக்கும், அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றார்கள். அறுவைக்கு முன்னால் எடுத்த அளவு கோப்பில் இருந்ததால் ஒப்பிட முடிந்தது. நான்கு நாள் காத்திருந்தோம். மூட்டு நீரில் ஒன்றும் வளரவில்லை. கதீட்டரை மட்டும் மாற்றினார்கள். அந்த நான்கு நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

மார்ச் 21

மாற்றுச் சிறுநீரகம் முதலிலா, முழங்கால் முதலிலா? சீக்கிரம் சிறுநீரகம் கிடைக்கும் என்று தெரிந்தால், உயிருள்ள உறவினர் ஒருவர் தயாராக இருந்தால், அதை முதலில் முடியுங்கள் என்றுதான் என் மருத்துவர் சொன்னார். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து இருந்தாலும், டயாலிசிஸில் இருந்துகொண்டு செய்வதைவிடப் பெரும்பாலும் அது பாதுகாப்பு என்றார். எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. நடக்காமல் பட்டியலில் காத்திருந்தால், கூப்பிடும் நாளில் அறுவை தாங்குகிற உடம்பாக இருக்க மாட்டேன் என்பதால் முழங்காலைச் செய்தேன். இன்னும் காத்திருக்கிறேன்.

ஏப்ரல் 2

இன்னொரு திருத்தம், இது என் கணவர் கண்டுபிடித்தது. யாரோ கேட்டதற்கு, இரண்டு வாரத்தில் முழங்கால் 90 பாகை மடங்கியது என்று தனிச்செய்தியில் சொல்லியிருந்தேன். அவர் அப்போது எழுதிவைத்த நோட்டில் ஐந்தாவது வாரம் என்று இருக்கிறது. வலித்த நாட்களை மனது சுருக்கிவிட்டது போலிருக்கிறது. இரண்டு வாரத்தில் மடங்கவில்லை என்று யாரும் பயந்துபோக வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸில் போகிறது, அன்று மாலை பிசியோ செய்ய உடம்பில் ஒன்றும் இருக்காது. மற்றவர்களுக்கு ஏழு நாள் என்றால் நமக்கு நான்கு நாள்தான் வாரம்.

ஜூலை 6

தம்பி தனிச்செய்தி அனுப்பியிருந்தார், அனுமதியோடு எழுதுகிறேன். நான்கு மாதத் தயாரிப்பு முடிந்து அம்மாவுக்கு நாளை டயாலிசிஸ், நாளை மறுநாள் அறுவை. மூன்றாவதாக ஒரு எலும்பு மருத்துவரைப் பார்த்திருக்கிறார்கள். அவர் முதல் சந்திப்பிலேயே சிறுநீரக மருத்துவரின் எண்ணைக் கேட்டு வாங்கினாராம். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அறுவைக்குப் பிறகு டயாலிசிஸ் நாற்காலியில் காலை எப்படி வைப்பது என்று கேட்டிருக்கிறார். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்க விடாதீர்கள். சுகமாக இருக்கும், எல்லாரும் அன்பாக வைத்துவிடுவார்கள், நாலு மணி நேரம் மடங்கியே இருந்தால் அப்புறம் நேராக நீளாது. குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள். பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, தொடையை இறுக்கி விடுவது, இவற்றை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் செய்யட்டும், பிறகு அழுத்தம் இறங்கும். முடிந்ததும் சட்டென்று எழுப்பாதீர்கள். உட்கார்ந்த நிலையில் ஒரு முறை, நின்ற பிறகு ஒரு முறை அழுத்தம் பார்த்துவிட்டு வாக்கரைக் கொடுங்கள்.

உலர் எடையை, அதாவது கூடுதல் நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை, மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். பசியில்லாமல் சதை குறையும், கால் வீங்கி நீர் கூடும், தராசு இரண்டையும் சேர்த்துப் பழைய எண்ணையே காட்டும். எனக்கு அதைக் கவனிக்காமல் விட்டு மூன்றாம் வாரம் மூச்சுத் திணறியது.

துணிப்பட்டை எழுதியாயிற்றா?

ஜூலை 8, இரவு 11 மணி

அறுவை முடிந்தது என்ற செய்தி பார்த்தேன். இன்று இரவு யார் தங்குகிறீர்கள்? தூங்கிவிடுவோம் என்று பயமாக இருந்தால் கைப்பேசியில் மணிக்கு ஒரு அலாரம் வையுங்கள். அம்மாவை எழுப்ப வேண்டாம், விரலை மட்டும் வைத்துப் பாருங்கள். நானும் விழித்துத்தான் இருப்பேன், எப்போது வேண்டுமானாலும் எழுதுங்கள்.

ஜூலை 9, காலை 5 மணி

இரண்டு மணிக்கு இருந்தது, மூன்றுக்கு இருந்தது, நான்கரைக்கு நன்றாகவே இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. இன்று டயாலிசிஸ், ஹெப்பாரின் வேண்டாம் என்று டெக்னீசியனிடம் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் தூங்கப் போகிறேன்.